முயல் ரத்தம் சொல்லும் சாட்சி

கருப்பைப் புற்றுக்கோ சினைப்பைப் புற்றுக்கோ சிகிச்சை பெறுபவர்களின் பயாப்ஸி அறிக்கையில் இப்போது ஒரு வரி அடிக்கடி இடம்பெறுகிறது: ‘பி53 – மியூட்டன்ட் பேட்டர்ன்’. நோயாளியின் மகளோ மகனோ அதைக் கூகுளில் தேடினால், பி53 என்பது புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்று வரும். ஆய்வகத்தில் சாயமேற்றிய கண்ணாடி வில்லையை நுண்ணோக்கியின் அடியில் வைத்தாலோ, பெரும்பாலும் புற்றுச் செல்களின் உட்கருக்கள் எல்லாம் அடர்பழுப்பில் நிறைந்திருக்கும். பி53 எங்கே இருக்கிறதோ அங்கே படியும் நிறம் அது. தடுக்கும் புரதம் இவ்வளவு இருக்கிறதே, நல்ல செய்திதானே என்று யாருக்கும் தோன்றும்.

நோயியல் மருத்துவர் அதை நேரெதிராகப் படிக்கிறார். ஆரோக்கியமான செல்லில் பி53 மிகக் குறைவாகவே இருக்கும். சாயமேற்றினால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிறியும் அடர்ந்தும் தெரியும். எல்லா உட்கருவும் ஒரே அடர்பழுப்பு என்றால், அந்தப் புரதம் பழுதாகி, வேலை செய்யாமல், அழிக்கப்படவும் இல்லாமல் குவிந்துகிடக்கிறது என்று பொருள்.

ஒரு புரதம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது. இரண்டாவதற்கு விடை காண்பதற்காகவே ஆய்வகங்களில் தனிவகை ஆன்டிபாடிகள் உருவாயின. புற்றுத் தடுப்புப் புரதம் விழித்துக்கொண்ட நிலையை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லும் ஆன்டிபாடிகள் அவை. புற்றுநோய் ஆராய்ச்சியின் பல முக்கிய முடிவுகள் இந்தச் சின்னக் குப்பிகளை நம்பி நிற்கின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதை, ஆராய்ச்சியாளர்கள் மட்டுமல்ல, நாமும் கேட்க வேண்டும்.

பி53 கிடைத்ததே ஆன்டிபாடியின் தயவால்தான். எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ், எலி இனத்து விலங்குகளில் கட்டிகளை உண்டாக்கும். கட்டி வந்த விலங்கின் ரத்தத்தில், வைரஸின் ‘டி ஆன்டிஜென்’ என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஊறும். 1979-ல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும் அந்த ரத்தநீரைக் கொண்டு டி ஆன்டிஜெனைப் பிடித்து இழுத்தபோது, கூடவே இன்னொரு புரதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டேனியல் லின்சரும் ஆர்னால்ட் லெவினும் அதே ஆண்டில் அதையே கண்டார்கள். நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, வைரஸே இல்லாமல் ரசாயனத்தால் கட்டி வந்த எலிகளிலும் அதைப் பிடித்தது. ஜெல்லில் ஓடவிட்டபோது 53 ஆயிரம் டால்டன் எடையுள்ள இடத்தில் நின்றதால் பி53 என்ற பெயர் வந்தது. உண்மையான எடை சுமார் 43,700 டால்டன்தான். புரோலின் என்ற அமினோ அமிலம் நெருக்கமாக அமைந்த பகுதி ஒன்று அதன் ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. தவறான எடையிலிருந்து பிறந்த பெயர் என்று பிறகு தெரிந்தாலும் யாரும் மாற்றவில்லை.

அடுத்த பத்தாண்டுகள் பி53-ஐ எல்லோரும் குற்றவாளி என்றே நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. கட்டிச் செல்களில் அது ஏராளமாக இருந்தது. 1982-ல் கிராஃபோர்டின் குழு மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, சுமார் 9 சதவீதம் பேரின் உடலே பி53-க்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்திருந்தது. ஆய்வகங்களில் புழங்கிய பி53 மரபணுப் பிரதிகளைச் செல்லுக்குள் செலுத்தினால் செல் புற்றுத்தன்மை அடைந்தது. அந்தப் பிரதிகளே பழுதானவை என்பது பிறகுதான் தெரிந்தது. 1989-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு, பெருங்குடல் கட்டிகளில் பி53 மரபணு ஒரு பிரதியில் அறுபட்டும் மறு பிரதியில் திரிந்தும் இருப்பதைக் காட்டியது. லெவினின் குழு, செல் புற்றாக மாறுவதைப் பழுதில்லாத பி53 தடுக்கிறது என்று நிரூபித்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது காவலன் என்று ஆனது. 1992-ல் லேன் அதற்கு ‘ஜீனோமின் காவலன்’ என்று பெயர் சூட்டினார்.

இந்தக் காவலன் பெரும்பாலான நேரம் ஏன் கண்ணில் படுவதில்லை? செல் பி53-ஐத் தொடர்ந்து தயாரிக்கிறது, தொடர்ந்து அழிக்கவும் செய்கிறது. எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம் பி53-இன் தலைப்பகுதியைப் பற்றிக்கொண்டு, அழிவுக்கான முத்திரையைக் குத்துகிறது. அதனால் பி53-இன் ஆயுள் சில பத்து நிமிடங்கள்தான். கதிர்வீச்சாலோ புற ஊதா ஒளியாலோ டி.என்.ஏ. சேதமடைந்தால் எம்.டி.எம்.2-இன் பிடி தளர்கிறது. பி53 நிலைத்து, பெருகி, செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுது பெரிதென்றால் செல்லைச் சாகவைக்கிறது. கதிர்வீச்சு பட்ட மனித ரத்தச் செல்களில் பி53 உயர்வதை மைக்கேல் காஸ்டன் 1991-ல் காட்டினார். இதில் ஒரு நுட்பமான சுழற்சியும் உண்டு. எம்.டி.எம்.2 உற்பத்தியைத் தூண்டுவதே பி53-தான். பழுதான பி53-ஆல் அதைத் தூண்ட முடியாது; அழிக்க ஆளில்லாமல் தானே குவிகிறது. நுண்ணோக்கியில் தெரியும் அந்த அடர்பழுப்புக்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே அளவை மட்டும் பார்ப்பது போதாது. விழித்த பி53-க்கும் செத்த பி53-க்கும் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் 393 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியின் 15-ஆவது இடத்தில் கிடைத்தது. அங்கே இருப்பது செரின் என்ற அமினோ அமிலம். டி.என்.ஏ. முறிந்ததும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. ஒரு பாஸ்பரஸ் அணுவும் அதைச் சுற்றிச் சில ஆக்சிஜன் அணுக்களும், அவ்வளவுதான். டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோய்ச்சி தாயா, பாஸ்பேட் ஏறிய செரின்-15-ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை உருவாக்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கரோல் பிரைவ்ஸ் குழுவோடு சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், டி.என்.ஏ. சேதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறுவதையும், எம்.டி.எம்.2-இன் அடக்குமுறை தளர்வதையும் காட்டினார்கள்.

மறு ஆண்டே இந்தக் கண்டுபிடிப்பு ஒரு குழந்தை நோயின் புதிரோடு வந்து சேர்ந்தது. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற மரபு நோய் வந்த குழந்தைகள் நடக்கத் தடுமாறுவார்கள். கண் வெள்ளையில் ரத்த நாளங்கள் படரும். ரத்தப் புற்றும் நிணநீர்ப் புற்றும் அவர்களை எளிதில் தாக்கும். அதற்குக் காரணமான ஏ.டி.எம். மரபணுவை டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் ஷிலோவின் குழு 1995-ல் கண்டுபிடித்தது. 1998-ல் ஷிலோவின் குழுவும் காஸ்டனின் குழுவும் தனித்தனியே காட்டின: பி53-இன் செரின்-15-இல் பாஸ்பேட்டை ஏற்றுவது ஏ.டி.எம். புரதமேதான். டி.என்.ஏ. முறிந்தது என்ற செய்தி காவலனுக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை இப்படித்தான் உலகம் அறிந்தது.

இப்படி ஒற்றைப் பாஸ்பேட்டை இனம்காணும் ஆன்டிபாடியை எப்படித் தயாரிக்கிறார்கள்? பி53-இன் அந்தப் பகுதியைப் போலவே பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை ரசாயன முறையில் கோக்கிறார்கள். செரின்-15-இல் மட்டும் பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். இவ்வளவு சிறிய துண்டை உடல் பொருட்படுத்தாது என்பதால், கடல் நத்தையொன்றின் ரத்தத்திலுள்ள பெரிய புரதத்தோடு அதைப் பிணைத்து முயலுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். சில வாரங்களில் முயலின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் பெருகும். ஆனால் அதில் எல்லா வகையும் கலந்திருக்கும். பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒட்டுபவை அதில் உண்டு; நத்தைப் புரதத்தோடு ஒட்டுபவையும் உண்டு. எனவே அந்த ரத்தநீரை, பாஸ்பேட் இல்லாத துண்டு பதித்த குழாய் வழியே முதலில் ஓடவிடுவார்கள். வேண்டாதவை அங்கே தங்கிவிடும். வெளியே வருவதைப் பாஸ்பேட் உள்ள துண்டின்மேல் ஓடவிட்டு, ஒட்டிக்கொள்வதை மட்டும் பிரித்தெடுப்பார்கள். சந்தைக்கு வரும்போது ஒரு குப்பியில் நூறு மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு அளவு இருக்கும்.

ஒரு ஆராய்ச்சி மாணவரின் மாதக்கணக்கான உழைப்பு அந்த இரண்டு சொட்டைச் சார்ந்திருக்கிறது. சொட்டு உண்மை சொல்கிறதா என்று சோதிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. பி53 மரபணுவே இல்லாத செல்லில் அந்த ஆன்டிபாடி ஒன்றும் காட்டக்கூடாது. ஹெச்1299 என்ற நுரையீரல் புற்றுச் செல் வரிசையில் பி53 கிடையாது. வோகல்ஸ்டைன் ஆய்வகம் பி53-ஐ நீக்கி உருவாக்கிய ஹெச்.சி.டி.116 பெருங்குடல் செல்களும் இருக்கின்றன. அடுத்து, செல்சாற்றில் பாஸ்பேட்டை வெட்டியெறியும் நொதியைச் சேர்த்தால் சமிக்ஞை மறைய வேண்டும். செரினுக்குப் பதில் அலனினை வைத்த பி53-இலும் மறைய வேண்டும். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தாலோ கதிர்வீச்சாலோ டி.என்.ஏ.வை முறித்தால் சமிக்ஞை எழ வேண்டும். இத்தனையும் தேறினால்தான் அந்தச் சாட்சியை நம்பலாம்.

இவற்றைச் செய்த பிறகும் வழுக்கும் இடங்கள் பல. புரதங்களைச் சவ்வில் பதித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைச் செய்யும்போது, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க சவ்வைக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைசலில் ஊறவைப்பது பழைய வழக்கம். மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் பாலிலுள்ள கேசின் புரதமே பாஸ்பேட் நிறைந்தது. பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடியை வைத்துக்கொண்டு பாலில் ஊறவைத்தால் சவ்வு முழுக்க மங்கலான பின்னணி படரக்கூடும். அதனால் மாட்டு ரத்தத்தின் அல்புமின் கரைசலைப் பரிந்துரைக்கிறார்கள். செல்லை உடைத்த கணமே அதன் சொந்த நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும் என்பது இன்னொரு சிக்கல். சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் சேர்த்துப் பனிக்கட்டியில் வைக்காமல் விட்டால், இருந்த பாஸ்பேட்டும் காணாமல் போகும். எலிச் செல்களில் வேலை செய்பவர்களுக்கு எண்ணே மாறும். மனிதனின் செரின்-15, எலியில் செரின்-18. இதைக் கவனிக்காமல் குப்பி வாங்கிக் குழம்புகிறவர்கள் உண்டு.

பாஸ்பேட் ஏறினாலே புரதம் விழித்துவிட்டது என்று பொதுவிதி செய்துவிடவும் முடியாது. கண்ணின் விழித்திரையில் குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா புற்றிலிருந்து பெயர் பெற்ற ஆர்.பி. புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஆல்ஃபிரட் நட்சன் 1971-ல் இந்தப் புற்றைக் கொண்டுதான், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் அடிபட்டால் புற்று வரும் என்ற கொள்கையை வகுத்தார். அந்த மரபணு 1986-ல் பிடிபட்டது. ஆர்.பி. புரதம் பாஸ்பேட் குறைவாக இருக்கும்போதுதான் செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும். சி.டி.கே. நொதிகள் பாஸ்பேட்டுகளை ஏற்றினால் அது தன் பிடியை விட்டுவிடும். ஆக, பாஸ்போ-ஆர்.பி. ஆன்டிபாடி பிரகாசமாக ஒளிர்ந்தால் தடுப்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப் என்ற மார்பகப் புற்று மருந்து அந்த நொதிகளை அடக்குகிறது. மருந்து தன் இலக்கை அடைந்ததா என்று ஆய்வகத்தில் பார்ப்பதே பாஸ்போ-ஆர்.பி. சமிக்ஞை குறைகிறதா என்பதைக் கொண்டுதான். பி53-இல் பாஸ்பேட் விழிப்பின் அடையாளம், ஆர்.பி.யில் உறக்கத்தின் அடையாளம். இரண்டும் தடுப்புப் புரதங்கள்.

பி53-இலேயேகூட விஷயம் அவ்வளவு நேரானதில்லை. 2004-ல் ரோஷ் நிறுவன விஞ்ஞானிகள் நட்லின் என்ற மூலக்கூறை அறிவித்தார்கள். எம்.டி.எம்.2-இல் பி53 உட்காரும் பள்ளத்தை இது அடைத்துவிடும். பி53 விடுபட்டுப் பெருகும், டி.என்.ஏ. முறிவே இல்லாமல், செரின்-15-இல் பாஸ்பேட்டும் ஏறாமல், பி53 தன் வேலையைச் செய்யும். பாஸ்போ ஆன்டிபாடியை மட்டும் நம்பினால் இங்கே ‘பி53 தூங்குகிறது’ என்றே எழுத நேரும். அதனால்தான் தேர்ந்த ஆய்வகங்கள் பி53 தூண்டிவிடும் பி21 போன்ற புரதம் எழுந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன. பாஸ்பேட், அபாயச் செய்தி வந்து சேர்ந்ததற்கான சாட்சி. வேலை நடந்ததற்கு வேறு சாட்சி வேண்டும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதப்படும் முடிவுகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்தவை இன்னொரு வகை ஆன்டிபாடிகள். புரதத்தின் வடிவத்தையே படிப்பவை. பி.ஏ.பி.1620 என்ற ஆன்டிபாடி, சரியாக மடிந்த பி53-ஐ மட்டும் பிடிக்கும். பி.ஏ.பி.240 பிடிக்கும் இடமோ சங்கிலியின் உட்புறத்தில், 213 முதல் 217 வரையுள்ள அமினோ அமிலங்களில் இருக்கிறது. நெருக்கமாகக் கட்டிய பூச்சரத்தில் நார் தெரியாது, பூ உதிர்ந்தால்தான் தெரியும். அதுபோல பி53 தன் மடிப்பு குலைந்தால்தான் இந்த இடம் வெளியே வரும். பி.ஏ.பி.240-ஐ லேனின் குழு 1990-ல் அறிவித்தது. இந்த ஜோடி இன்றைய மருந்து ஆராய்ச்சிக்கும் பயன்படுகிறது. பழுதான பி53-ஐ மறுபடி சரியாக மடியச் செய்யும் மூலக்கூறுகளைத் தேடுகிறவர்கள், பி.ஏ.பி.240 சமிக்ஞை மங்கி பி.ஏ.பி.1620 சமிக்ஞை எழுகிறதா என்றே பார்க்கிறார்கள். 220-ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்த பி53-ஐக் குறிவைக்கும் ரெஸாடபாப்ட் என்ற மருந்து இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுவருகிறது. எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. ஏ.பி.ஆர்.-246 என்ற மருந்து பெரும் எதிர்பார்ப்புக்குப் பிறகு 2020-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் தன் இலக்கை எட்டாமல் போனது.

மரபணுவைப் படித்தாலே போதாதா, இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்கலாம். புகழ்பெற்ற ஹீலா செல்கள் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்தவை. அவற்றின் பி53 மரபணுவில் பழுது இல்லை. ஆனால் ஹெச்.பி.வி. வைரஸின் ஈ6 புரதம், உருவாகும் பி53-ஐ உடனுக்குடன் அழித்துவிடுகிறது. அதே வைரஸின் ஈ7 ஆர்.பி.யை முடக்குகிறது. மரபணு வரிசையை மட்டும் பார்த்தால் காவலன் நலமாக இருப்பதாகத் தோன்றும். நம் ஊர்ப் பெண்களில் பலரின் உயிரைப் பறிக்கும் கருப்பை வாய்ப் புற்றில் நடப்பது பெரும்பாலும் இதுவே. மரபணு எதைச் செய்யக்கூடும் என்பதை டி.என்.ஏ. சொல்லும். இப்போது என்ன நடக்கிறது என்பதைப் புரதத்திடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் கருவியே பொய் சொன்னால்? ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் பீட்டா என்ற புரதத்தின் கதை இதற்குச் சாட்சி. 1996-ல் ஸ்டாக்ஹோமில் கண்டுபிடிக்கப்பட்ட இது, மார்பகத்தில் புற்றைத் தடுக்கும் பக்கம் நிற்பதாகப் பலரும் நம்பினார்கள். மார்பகத் திசுவில் அதன் அளவை அளந்து கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 13 ஆன்டிபாடிகளை முறையாகச் சோதித்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டு பார்த்தபோது விந்தகத்திலும் சினைப்பையிலும் அந்தப் புரதம் இருந்தது. மார்பகத்தில், இயல்பான திசுவிலும் சரி, புற்றிலும் சரி, காணவில்லை. இருபது ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள், எத்தனை நிதி, எத்தனை நோயாளிகள் தானமாகக் கொடுத்த திசு!

இது தனி விபத்தாக இருந்தால் விட்டுவிடலாம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒய்காரோஸ் குழு, 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. தோற்ற ஆன்டிபாடிகளைப் பயன்படுத்திய கட்டுரைகள் புரதம் ஒன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு. அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று: தயாரிப்பாளர்களே முன்வந்து தோற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை மறுபரிசீலனை செய்தார்கள், பலவற்றின் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றினார்கள், சிலவற்றைச் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். மரபணு வரிசையை வைத்துச் செல்லில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் வகை மற்றவற்றைவிடச் சிறப்பாக வேலை செய்ததையும் அந்த ஆய்வு காட்டியது.

ரீகாம்பினன்ட் முறைக்கு மாற வேண்டும் என்று ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆந்திரியாஸ் பிளக்துனும் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2015-லேயே ‘நேச்சர்’ இதழில் வலியுறுத்தினார்கள். காரணம் எளிது. முயலின் ரத்தநீர் அந்த முயலோடு முடிந்துவிடும். அடுத்த முயல் தரும் சரக்கு அதே பெயரில், அதே எண்ணில் வரும், ஆனால் அதே பொருளாக இருக்காது. விலங்குகளின் வேதனையும் இதில் இருக்கிறது. ஆன்டிபாடி விற்பனையில் முன்னணியில் இருந்த அமெரிக்காவின் சான்டா குரூஸ் பயோடெக்னாலஜி, ஆடுகளையும் முயல்களையும் நடத்திய விதத்துக்காக 2016-ல் 35 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. செல்லில் தயாரித்தால் வரிசை கையில் இருக்கும்வரை அதே ஆன்டிபாடியை எங்கேயும் எப்போதும் செய்துகொள்ளலாம். நம் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. வெளிநாட்டுக் குப்பிக்குச் சில பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, பனிப்பெட்டி சுங்கத்தில் காத்துக் கிடந்து, வந்து சேர்ந்ததைச் சோதிக்கப் பணமில்லாமல் அப்படியே பயன்படுத்தும் நிலை மாற வேண்டும். பி53 இல்லாத ஒரு செல் வரிசையை வாங்கி வைத்துக்கொள்வது, தவறான முடிவை வெளியிடுவதைவிட எந்த ஆய்வகத்துக்கும் மலிவு.

மருத்துவமனைக்குள் பாஸ்போ-பி53 ஆன்டிபாடிகள் இன்னும் வழக்கமான சோதனையாக நுழையவில்லை. அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலினுக்குள் திசு போய்ச் சேரும் இடைவெளியிலேயே பாஸ்பேட் கழன்றுவிடக்கூடும் என்பது முக்கியத் தடை. அங்கே கோலோச்சுவது மொத்த பி53-ஐக் காட்டும் டி.ஓ.-7 போன்ற ஆன்டிபாடிகள்தாம். அவற்றின் சொல்லுக்கு இருக்கும் கனம் கூடிக்கொண்டே வருகிறது. சர்வதேச மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2023-ல் வெளியிட்ட கருப்பைப் புற்று நிலை வகுப்பில், பி53 பழுது என்று தெரிந்தால், தசைக்குள் ஊடுருவிய ஆரம்ப நிலைக் கட்டியும் உயர்ந்த நிலைக்கு நகர்த்தப்படுகிறது. ஒரு பெண்ணுக்குக் கீமோதெரபி வேண்டுமா என்ற முடிவை அது தொடுகிறது.

பழுது எப்போதும் அடர்பழுப்பாகவே வருவதில்லை என்பதால் இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். மரபணு வெட்டுப்பட்டுப் புரதமே உருவாகாத கட்டியில் புற்றுச் செல்கள் துளிப் பழுப்பும் இல்லாமல் வெறிச்சோடி இருக்கும். அதுவும் பழுதுதான். ஆனால் சாயமேற்றல் சொதப்பினாலும் வில்லை அப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய நோயியல் மருத்துவர் புற்றுச் செல்லை விட்டுவிட்டு, அதன் அக்கம்பக்கத்திலுள்ள இயல்பான இணைப்புத் திசுச் செல்களையும் வெள்ளணுக்களையும் பார்ப்பார். அவற்றில் அங்கங்கே மெல்லிய பழுப்பு இருந்தால் ஆன்டிபாடி வேலை செய்திருக்கிறது. புற்றுச் செல்லின் வெறுமையை நம்பி அறிக்கை எழுதலாம். இல்லையென்றால் திசுவை மறுபடி வெட்டி, மறுபடி சாயமேற்றச் சொல்வார், அறிக்கை ஒரு நாள் தாமதமானாலும்.